ஒரே ஒரு டெனர வச்சுக்கிட்டு என்ன பாடறது? கொயர் நடத்துறவங்களோட கேள்விகளுக்கு பதில்

போன இதழ்ல, கொயர் நடத்துறவங்க உங்க சந்தேகத்த எழுதி அனுப்புங்கன்னு கேட்டிருந்தோம். இவ்வளவு கடிதம் வரும்னு நினைக்கல. ஒரே மாதிரி வந்தத சேர்த்துட்டு ஏழு கேள்வி எடுத்திருக்கேன். நானும் இருபது வருஷத்துக்கு மேல சர்ச் கொயர், ஸ்கூல் கொயர் ரெண்டும் நடத்தினவன்தான், அதனால அனுபவத்துல பட்டத அப்படியே சொல்றேன்.

எங்க சபை தென்காசி பக்கம் ஒரு கிராமத்துல இருக்கு. கொயர்ல மொத்தமே 14 பேர். சொப்ரானோ (பெண்கள்ல மேல் குரல்) 6, ஆல்டோ (பெண்கள்ல கீழ் குரல்) 4, பேஸ் (ஆண்கள்ல கீழ் குரல்) 3, டெனர் (ஆண்கள்ல மேல் குரல்) ஒருத்தர் மட்டும்தான். இந்த கிறிஸ்துமஸுக்கு ஹாண்டெலோட ஹாலேலூயா பாடியே ஆகணும்னு கமிட்டியில சொல்றாங்க. எப்படி சமாளிக்கிறது?

தம்பி, இந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு அது வேண்டாம். கமிட்டிகிட்ட சொல்றதுக்கு உங்களுக்கு நல்ல காரணமே இருக்கு. ஹாலேலூயா, ஹாண்டெலோட மெசையாங்கிற பெரிய இசைப்படைப்புல வர்ற ஒரு பாட்டு. மெசையாவ அவர் எழுதினது 1741ல, 24 நாள்ல எழுதி முடிச்சார். முதல் தடவ டப்ளின்ல பாடினது 1742 ஏப்ரல் 13. ஏப்ரல் மாசம், ஈஸ்டர் நேரம்! ஹாலேலூயா வர்றதும் ரெண்டாம் பாகத்தோட கடைசியில, பாடு மரணம் உயிர்ப்பு எல்லாம் பாடி முடிச்சப்புறம்தான். கிறிஸ்து பிறப்புக்கான பாட்டெல்லாம் முதல் பாகத்துல இருக்கு. அதனால "ஈஸ்டருக்கு வச்சுக்குவோம் ஐயா, அதுதான் அந்தப் பாட்டோட இடம்"னு தைரியமா சொல்லலாம், உங்களுக்கும் ப்ராக்டிஸுக்கு மூணு நாலு மாசம் கூட கிடைக்கும்.

அது மட்டும் இல்ல, அன்னைக்கு டப்ளின்ல அத பாடினவங்க ரெண்டு பெரிய கதீட்ரலோட பாடகர்கள், தினமும் பாடுறதே வேலையா இருந்தவங்க. "ராஜாவாய் என்றென்றும் ஆளுவார்"ங்கிற அர்த்தத்துல வர்ற இடம் இருக்கில்ல, அங்க முதல்ல பேஸ் நுழையும், அடுத்து டெனர், அப்புறம் ஆல்டோ, கடைசியா சொப்ரானோ. உங்க ஒத்த டெனர் அந்த இடத்துல தனியா, அதுவும் உரக்க நுழையணும், அவருக்கு அன்னைக்கு சளி பிடிச்சிருந்தா என்ன செய்வீங்க? சொப்ரானோ வேற ஒரே சுரத்த நீட்டி பிடிச்சு, படிப்படியா மேல ஏறிக்கிட்டே இருக்கணும். ஆறு பேருக்கு அது பெரிய பாரம், கடைசி படியில கத்தல் மாதிரி ஆயிடும்.

அதுக்கு பதிலா பிரட்டோரியஸ் 1609ல நாலு குரலுக்கு அமைச்ச அந்த ஜெர்மன் ரோஜா கேரல், "எஸ் இஸ்ட் ஐன் ரோஸ்" இருக்கில்ல, அத எடுங்க. நாலு குரலும் கிட்டத்தட்ட ஒண்ணா நகரும், யாரும் தனியா மாட்டிக்க மாட்டாங்க, ஒவ்வொரு வரி முடிவுலயும் மூச்சு விட இடம் இருக்கு. தாளம் மட்டும் சமமா விழாது, ஒன்னு ரெண்டு மூணு நாலுன்னு கை போட்டா உதைக்கும், வார்த்தைய பிடிச்சுக்கிட்டே கைய நகர்த்துங்க. டெனர் வரிக்கு ரெண்டு கனமான ஆல்டோ குரல துணைக்கு நிறுத்தலாம். ஒன்னு கவனிச்சுக்கோங்க, டெனர் வரி ட்ரெபிள் கிளெஃப்ல (மேல் குரல் வரிக்கு போடுற குறி) இருந்தா கீழ சின்னதா ஒரு 8 போட்டிருக்கும், அது ஒரு ஸ்தாயி கீழ ஒலிக்கணும்னு அர்த்தம். அந்த ரெண்டு அக்காமாரும் அத பார்க்காம எழுதியிருக்கிற இடத்துலயே பாடினா டெனர் வரி சொப்ரானோவுக்கு மேல போய் உக்காந்துக்கும், ஹார்மனியே தலைகீழா ஆயிடும். நேர்ல பார்த்திருக்கேன்.

சைலன்ட் நைட்டும் வச்சுக்கோங்க. அது பொறந்த கதைய கொயருக்கு சொல்லுங்க. 1818 டிசம்பர் 24, ஆஸ்திரியாவுல ஓபர்ன்டார்ஃப்னு ஒரு சின்ன ஊர். குருவானவர் மோர் ரெண்டு வருஷம் முன்னாடியே எழுதி வச்சிருந்த பாட்டுக்கு, பக்கத்து ஊர் ஸ்கூல் வாத்தியார் க்ரூபர் மெட்டு போட்டார். ரெண்டு ஆம்பளக் குரல், ஒரு கிட்டார், கொயர் ஒவ்வொரு சரணத்தோட கடைசி வரிய மட்டும் திருப்பி பாடுச்சு, அவ்வளவுதான். உங்க டெனரும் ஒரு பேஸும் கிட்டாரோட நடுவுல நிக்கட்டும், மத்தவங்க கடைசி வரிக்கு மட்டும் சேரட்டும், அன்னைக்கு எப்படி பாடினாங்களோ அப்படியே. ஒரே ஒரு டெனர்தான் இருக்காருங்கிறது இந்தப் பாட்டுல ஒரு குறையே கிடையாது.

நான் திருச்சியில காலேஜ் கொயர் நடத்துறேன். மொசார்ட்டோட ஆவே வேரும்ங்கிற லத்தீன் பாட்ட எடுத்திருக்கோம். கீபோர்டோட பாடும்போது நல்லா இருக்கு, கீபோர்ட நிறுத்தினா முடிவுல அரை சுரம் இறங்கியிருக்கோம். எங்க தப்பு?

தங்கச்சி, முதல்ல சந்தோஷம், நீங்க கீபோர்ட நிறுத்திப் பார்த்திருக்கீங்க. நிறைய பேர் நிறுத்தவே மாட்டாங்க, அதனால இறங்குறது தெரியவே தெரியாது.

நீங்க இறங்குற இடம் எதுன்னு என்னால இங்கிருந்தே சொல்ல முடியும்னு நினைக்கிறேன். சொப்ரானோ நுழையுற முதல் வரிய சோல்ஃபால (சுரத்த தோ, ரே, மின்னு எழுதிப் பாடற முறை) பாடிப் பாருங்க: சோ, மேல் தோ, மி, அப்புறம் சோ, ஃபெ (அரைப்படி ஏத்தின ஃபா), ஃபா. அந்த சோ-ஃபெ-ஃபா ரெண்டு அரைப்படி. இறங்குற அரைப்படிய எல்லா கொயரும் கொஞ்சம் அதிகமாவே இறங்கும், காலு படியில வழுக்குற மாதிரி. ஃபெ கொஞ்சம் கீழ விழுந்தா ஃபா அதுக்கும் கீழ விழும், பாட்டோட ரெண்டாவது வார்த்தை முடியறதுக்குள்ள நீங்க பாதி கடன் வாங்கியாச்சு.

இப்படி செய்யுங்க. சொப்ரானோவ மட்டும் நிக்க வச்சு, கீபோர்டுல மேல் தோவ மட்டும் அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, அந்த ஆறு சுரத்தையும் ரொம்ப மெதுவா பாட வைங்க. ஃபெ வரும்போது "ஏறுற மாதிரி நினைச்சுக்கிட்டு இறங்குங்க"ன்னு சொல்லுங்க, கைய கீழ கொண்டு போகாதீங்க, உள்ளங்கைய மேல பார்த்து வச்சு லேசா தூக்குங்க. எங்க கொயர்ல இத மட்டும் ஒரு நாள் பத்து நிமிஷம் செஞ்சோம், முதல் அஞ்சு தடவ இறங்குச்சு, ஆறாவது தடவ ஒரு பொண்ணு திடீர்னு புருவத்த தூக்கிக்கிட்டு பாடினா, அந்த சுரம் நேரா போய் உக்காந்துச்சு, பக்கத்துல இருந்தவங்களுக்கும் அது கேட்டுச்சு. அதுக்கப்புறம் எல்லாரும் புருவத்த தூக்க ஆரம்பிச்சுட்டாங்க. எனக்கு இன்னைக்கும் மறக்கல.

இன்னொரு காரணம் சத்தம். மொசார்ட் அந்தப் பாட்டுல சத்தத்த பத்தி எழுதினது ஆரம்பத்துல ஒரே ஒரு குறிப்புதான், சோட்டோ வோச்சே, அடங்கின குரல்னு அர்த்தம். நம்ம பசங்க மெதுவா பாடுன்னா மூச்சையும் சேர்த்து குறைச்சுடுறாங்க, மூச்சு குறைஞ்சா சுரம் தொங்கும். சத்தம் குறையலாம், வயித்துல இருக்கிற பிடி குறையக் கூடாது. நீளமான வரிகள்ல எல்லாரும் ஒரே இடத்துல மூச்சு வாங்காம மாத்தி மாத்தி வாங்கச் சொல்லுங்க, பக்கத்துல இருக்கிறவங்க வாங்கினா நீ வாங்காதேன்னு ஒரே ஒரு விதி போதும். இவ்வளவும் செஞ்சும் இறங்குதுன்னா டி மேஜர விட்டுட்டு அரை சுரம் ஏத்தி ஈ ஃபிளாட்டுல ஒரு நாள் பாடிப் பாருங்க. ஏன்னு முழுசா விளக்க முடியாது, ஆனா பழகின சுதியில பாடற சோம்பல் போய் குரல் முழிச்சுக்கும்.

இந்தப் பாட்டு மொத்தமே 46 பார்தான் (பார்னா ஒரு தாளக் கட்டம்). 1791 ஜூன்ல, வியன்னா பக்கத்துல பாடன்ங்கிற ஊர்ல ஒரு ஸ்கூல் வாத்தியார், அன்டோன் ஸ்டோல்னு பேரு, அவரு நடத்தின சின்ன சர்ச் கொயருக்காக எழுதினது. அந்த டிசம்பர்ல மொசார்ட் செத்துப் போயிட்டார். அவ்வளவு பெரிய மனுஷன் ஒரு சின்ன ஊர் கொயரால என்ன முடியும்னு யோசிச்சு, அவங்க தொண்டைக்கு அளவெடுத்து எழுதியிருக்கார், அதனாலதான் உங்க காலேஜ் பசங்களுக்கும் அது பொருந்துது. பயப்படாம பாடுங்க.

நம்ம தமிழ் கீர்த்தனைகள நாலு பாகமா பாடலாமா? எங்க பெரியவங்க கூடாதுங்கிறாங்க, பசங்க வேணும்ங்கிறாங்க. (மதுரையிலிருந்து)

ரெண்டு பேரு சொல்றதுலயும் நியாயம் இருக்கு, ராகத்த பார்த்துதான் முடிவெடுக்கணும்.

தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) மாதிரி ஆளுங்க கீர்த்தனைய எழுதினப்போ கர்நாடக ராகத்துலதான் எழுதினாங்க. அதுல உயிரே கமகத்துல இருக்கு. தோடி, ஆனந்தபைரவி மாதிரி ராகத்துல ஒரு சுரம் நின்ன இடத்துல நிக்காது, ஆடும். ஆடுற சுரத்துக்கு கீழ மூணு பேர் அசையாம கார்ட் (ஒண்ணா ஒலிக்கிற சுரங்கள்) பிடிச்சா ரெண்டும் முட்டிக்கும், ராகமும் போயிடும் ஹார்மனியும் வராது. அந்த மாதிரி கீர்த்தனைக்கு ஹார்மனிய தொடாதீங்க. ஆனா கொயர் சும்மா நிக்கணும்னும் இல்ல. பேஸ் சட்ஜமமும் பஞ்சமமும் தம்புரா மாதிரி "ம்"னு பிடிக்கட்டும், பல்லவிய ஒரு குரல் பாட எல்லாரும் ஒரே சுதியில திருப்பிப் பாடட்டும், அனுபல்லவிய பெண்கள் மட்டும் பாடட்டும், சரணத்துல ஆண்கள் ஒரு ஸ்தாயி கீழ சேரட்டும். இதுலயே எவ்வளவோ நிறம் கிடைக்கும்.

சங்கராபரணத்துல, அதிகம் கமகம் இல்லாம நேரா போற மெட்டுன்னா நாலு பாகம் தாராளமா வைக்கலாம், அது மேஜர் ஸ்கேல்தான். நடபைரவி இயல்பான மைனர். கரகரப்ரியாவும் ஹரிகாம்போதியும் பழைய ஐரோப்பிய சர்ச் மோடுகளோட (அந்தக் கால சுர வரிசைகள்) ஒத்துப் போற ஸ்கேல்கள், ஆனா அங்க மேஜர் மைனர் பழக்கத்துல கார்ட் போட்டு, ராகத்துல இல்லாத நிஷாதத்த கடைசியில சொருகிடாதீங்க. நான் பார்த்த அரேஞ்ச்மென்ட்ல பாதிக்கு மேல கெடுறது அந்த ஒரு இடத்துலதான். மோகனம் வேற கதை, அஞ்சே சுரம், அதுல அரைப்படியே கிடையாது, ஒரு குழு ஆரம்பிச்சு இன்னொரு குழு நாலு அக்ஷரம் கழிச்சு அதே வரியோட நுழைஞ்சாலும் பெருசா உரசாது. ஹார்மனி எழுதத் தெரியாதவங்களும் மோகனத்துல துணிஞ்சு செஞ்சு பார்க்கலாம்.

இந்தப் பாதையில நமக்கு முன்னாடி நடந்தவர் எம்.பி. சீனிவாசன். மலையாள சினிமாவுல பெரிய இசையமைப்பாளர், மெட்ராஸ் யூத் கொயர உருவாக்கினவர், 1988ல காலமானார். பாரதியார் பாட்ட சேர்ந்திசையா, பல குரல்ல அமைச்சவர். பதிவு கிடைச்சா கேளுங்க, தமிழ் வார்த்தை கலையாம எப்படி குரல்கள பிரிச்சிருக்கார்னு கேட்டாலே பாதி படிப்பு.

கோயம்புத்தூர்ல ஸ்கூல் மியூசிக் டீச்சர் நான். எல்லா மதத்துப் பிள்ளைங்களும் இருக்காங்க, 5ல இருந்து 8ஆம் வகுப்பு வரை. கேரலும் வேணாம் சினிமாவும் வேணாம்னா என்ன பாட வைக்கிறது?

டீச்சர், முத்துஸ்வாமி தீட்சிதரோட நோட்டுஸ்வரங்கள் இருக்கே! பிரிட்டிஷ் பேண்டு வாசிச்ச மெட்டுக்கெல்லாம் அவரு சமஸ்கிருதத்துல சாகித்யம் எழுதினார், எல்லாம் சங்கராபரணம், கமகம் இல்லாம நேர் சுரம். "சந்ததம் பாஹிமாம்" இங்கிலாந்து தேசிய கீத மெட்டு, "சியாமளே மீனாட்சி" எல்கேஜி பிள்ளைக்கும் தெரிஞ்ச ட்விங்கிள் மெட்டு. சாமி பாட்டுங்கிற தயக்கம் யாருக்காவது இருந்தா வார்த்தை இல்லாம சுரமாவே பாட வைங்க, அதுவே நல்ல பயிற்சி. மேற்கத்திய மெட்டுங்கிறதால கீழ ரெண்டாவது குரல் வைக்கிறதும் சுலபம்.

அப்புறம் இந்த வயசுக்கு உடனே ரெண்டு பாகத்துக்கு போயிடாதீங்க. ஒரே மெட்ட இடைவெளி விட்டு நுழையுற ரவுண்டு பாட்டுல ஆரம்பிங்க. காத பொத்திக்கிட்டு தன் வரிய பாடற பிள்ளைங்கள பார்த்தா நிறுத்துங்க, அடுத்த குழு பாடறத கேட்டுக்கிட்டே பாடச் சொல்லுங்க. ஏழாம் எட்டாம் வகுப்பு ஆம்பளப் பசங்களுக்கு குரல் உடையற நேரம் அது, அவங்கள வெளிய உக்கார வச்சுடாதீங்க டீச்சர், தயவு செஞ்சு. அஞ்சாறு சுரத்துக்குள்ள அடங்குற ஒரு சின்ன வரிய அவங்களுக்குன்னு எழுதிக் கொடுங்க. அந்த வயசுல "நீ பாடாத"ன்னு கேட்டவன் ஐம்பது வயசுலயும் வாயத் திறக்க மாட்டான், அப்படி எத்தனையோ பேர சபையில பார்த்துட்டேன்.

எங்க கொயர் பாடறது என்ன வார்த்தைன்னே புரியலன்னு சொல்றாங்க.

ஊர் பேர் போடாம வந்த கேள்வி, ஆனா எல்லாருக்கும் உள்ளது. மூணு இடத்துல நம்ம தமிழ் நழுவுது.

முதல் இடம் குறில் நெடில். இங்கிலீஷ் பாட்டுக்கு மொழிபெயர்ப்பு போடும்போது நீளமான சுரத்துல குறில வச்சுட்டா அர்த்தமே மாறிடும், "வரம்" கேட்டா "வாரம்"னு கேட்கும், "பலம்" "பாலம்" ஆயிடும். முடிஞ்சா வார்த்தைய மாத்துங்க, முடியலன்னா குறில சின்னதா தொட்டுட்டு மீதி நேரத்த அடுத்த மெய்யில, "ம்"லயோ "ன்"லயோ ஒலிக்க விடுங்க. ரெண்டாவது, கடைசியில வர்ற குற்றியலுகரம். "அன்பு"ங்கிறத நாலு மாத்திரை பிடிக்கச் சொன்னா எல்லாரும் உதட்ட குவிச்சு "அன்பூ"ன்னு ஊதுறாங்க. பேசும்போது நாம உதட்ட குவிக்கிறதில்லையே? அதே மாதிரி தளர்வா விடுங்க. மூணாவது "ஐ". "கிருபை"ன்னு நீட்டும்போது பாதி பேர் உடனே "இ"க்கு போயிடுவாங்க, பாதி பேர் "அ"லயே நிப்பாங்க, ஒரே சுரத்துல ரெண்டு நிறம் கேட்கும். எல்லாரும் "அ"ல நில்லுங்க, என் கை மூடும்போது மட்டும் "இ"ன்னு சொல்லிப் பழக்குங்க.

பாடறதுக்கு முன்னாடி வார்த்தைய தாளத்தோட பேச வைங்க, ரெண்டு தடவ போதும். "ழ"வ மட்டும் தனியா ஒரு நாள் எடுத்துக்கோங்க.

பெரிய வெள்ளிக்கு வாத்தியம் இல்லாம பாட ஒரு பாட்டு சொல்லுங்க.

ஜான் ஸ்டெய்னர் 1887ல எழுதின தி குருசிஃபிக்ஷன்ங்கிற இசைப்படைப்புல யோவான் 3:16 வசனம் வரும், வாத்தியமே இல்லாம நாலு குரல். சாதாரண சபை கொயர் பாடணும்னே எழுதினது. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி சுதிய பியானோவுல கொடுக்காதீங்க, மும்மணி தியான ஆராதனையில அந்த "டிங்" சத்தம் எல்லாத்தையும் கலைச்சுடும். ஒரு ட்யூனிங் ஃபோர்க்க (தட்டினா ஒரே சுரம் ஒலிக்கிற சின்ன இரும்புக் கவை) காதுகிட்ட வச்சு கேட்டுட்டு, நீங்க "ம்"னு மெதுவா சுரம் கொடுங்க. ஃபாஸ்டா எடுத்துடாதீங்க, இழுக்கவும் வேணாம், அந்த வசனத்த ஒருத்தர்கிட்ட நேர்ல சொன்னா என்ன வேகத்துல சொல்லுவீங்களோ அதுதான் வேகம்.

எங்க சொப்ரானோவுல ஒரு அம்மா, 70 வயசு தாண்டிடுச்சு. 45 வருஷமா பாடுறாங்க. இப்ப குரல் நடுங்குது, மேல் சுரம் எட்டல, மொத்த சொப்ரானோவும் கலங்கித் தெரியுது. ஆல்டோ பிள்ளைங்களுக்கு சோல்ஃபா தெரியாது, காதால கேட்டுத்தான் பாடுது. அந்த அம்மாவ இளைஞர்கள் நிறுத்தச் சொல்றாங்க. எனக்கு வயசு 27, எப்படி போய் சொல்றது? (நாசரேத் பக்கத்திலிருந்து)

தம்பி, நிறுத்தச் சொல்லாதீங்க. ஒரு சபையில இத கண்ணால பார்த்தேன், புதுசா வந்த மாஸ்டர் ப்ராக்டிஸ் நடுவுல எல்லார் முன்னாடியும் சொல்லிட்டார். அந்த அம்மா புத்தகத்த மூடி வச்சுட்டு எழுந்து போனாங்க, அதுக்கப்புறம் ஆராதனையில கூட கடைசி பெஞ்சுல உக்காந்து பாட்டு நேரத்துல குனிஞ்சுக்கிட்டே இருப்பாங்க. அவங்க மகளும் பேத்தியும் கொயர விட்டுட்டாங்க. அத இப்ப நினைச்சாலும் மனசு கனக்குது.

குரல பத்தி முதல்ல புரிஞ்சுக்கோங்க. வயசானா மூச்ச பிடிக்கிற தசையும் குரல்நாணும் தளரும், அதனாலதான் நடுக்கம். மேல போகப் போக நடுக்கம் கூடும், அழுத்திப் பாடினா இன்னும் கூடும். நடு ஸ்தாயியில, அழுத்தாம பாடினா பாதிக்கு மேல குறைஞ்சுடும். அதனால அந்த அம்மாவுக்கு சரியான இடம் இப்ப ஆல்டோ. ஆனா "மாத்துறேன்"னு போய் சொல்லாதீங்க. வீட்டுக்குப் போங்க, காபி கொடுப்பாங்க, குடிங்க. "அம்மா, ஆல்டோல பிள்ளைங்க வரிய பிடிக்க மாட்டேங்குது, சோல்ஃபா யாருக்கும் வாசிக்கத் தெரியல, நீங்க பக்கத்துல நின்னா அவங்களுக்கு தைரியமா இருக்கும்"னு கேளுங்க. இது பொய் இல்ல தம்பி, நீங்களே எழுதியிருக்கீங்க உங்க ஆல்டோ பிள்ளைங்க காதால கேட்டுத்தான் பாடுதுன்னு. 45 வருஷம் பாடின அந்தத் தலைமுறை ஆளு நிச்சயம் சோல்ஃபாவ பேப்பர் படிக்கிற மாதிரி படிப்பாங்க. இங்கிலாந்துல நார்விச்ங்கிற ஊர்ல சாரா குளோவர் உருவாக்கி ஜான் கர்வென் 1840கள்ல பரப்பின முறை அது. அங்க இன்னைக்கு அந்த எழுத்த படிக்கிறவங்க குறைவு, நம்ம தெக்கத்தி சபைகள்லதான் பெரியவங்க கையில இன்னும் உயிரோட இருக்கு. அவங்க போயிட்டா அதுவும் போயிடும்.

ப்ராக்டிஸுக்கு முன்னாடி அரை மணி நேரம் அவங்கள சோல்ஃபா சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்க. நிக்க வைக்கும்போது ரெண்டாவது வரிசையில, ரெண்டு திடமான ஆல்டோ குரலுக்கு நடுவுல விடுங்க, கால் வலிச்சா உக்கார ஒரு நாற்காலியும் பக்கத்துல போட்டு வைங்க. எந்தப் பாட்டுல மேல போகுதோ அங்க அவங்களே நிறுத்திக்குவாங்க, அவ்வளவு வருஷம் பாடினவங்களுக்கு தெரியாதா? ரெண்டு மாசம் கழிச்சு எப்படி இருக்குன்னு எனக்கு எழுதுங்க. அந்த அம்மாகிட்ட பழைய சோல்ஃபா நோட்டுப் புத்தகம் ஏதாவது இருந்தா போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, ஓரம் கிழிஞ்சிருக்கும், பார்த்து புரட்டுங்க.